பழம் தின்னும் பாடகன்: கொண்டைக்குருவியை அறிவோம்

பறவைகளின் பெயர்களைச் சொல்லுங்கள் என்று எந்த வகுப்பில் கேட்டாலும் காகம், கிளி, மயில், புறா, சிட்டுக்குருவி என்ற வரிசைதான் வருகிறது. பாடநூலிலும் சுவரோவியத்திலும் பார்த்துப் பழகிய பெயர்கள் அவை. பள்ளி வேலியில் நாள் முழுவதும் வந்து போகும் கறுப்புத்தலைப் பறவையின் பெயரைக் கேட்டால், “அதுவா டீச்சர், அது சும்மா குருவி” என்பார்கள்.

அந்தச் ‘சும்மா குருவி’தான் கொண்டைக்குருவி. தமிழ்நாட்டில் மரமும் புதரும் உள்ள எந்தப் பள்ளி வளாகத்திலும் இதைப் பார்க்கலாம். மனிதர்களைக் கண்டு அதிகம் அஞ்சாது. தொலைநோக்கி இல்லாமலே அடையாளம் காணலாம். பழம் தின்கிறது, பாடுகிறது, நம் கண்ணெதிரே கூடு கட்டுகிறது. நம் வளாகத்தில் யாரும் நடாமல் முளைத்த மரங்களில் சிலவற்றை நட்டதும் இதுவாக இருக்கலாம். பறவையியல், தாவரவியல், ஊட்டச்சத்து, சூழலியல் என்று நான்கு பாடங்களை இந்த ஒரு பறவையை வைத்தே நடத்த முடியும். எதைத் தின்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் இதன் வாழ்க்கையின் பெரும்பகுதி புரிந்துவிடும். அதற்கான குறிப்புகளையும், வகுப்பில் நான் செய்து பார்த்த செயல்பாடுகளையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பெயரில் தொடங்குவோம்

பறவை நூல்களில் இதன் பெயர் செங்குதச் சின்னான். வாலின் அடிப்பகுதி சிவப்பாக இருப்பதால் வந்த பெயர். இதைச் சொன்னதும் வகுப்பே சிரிக்கும். சிரித்து முடிக்கட்டும், அதன்பின் அந்தப் பெயரை மறக்கவே மாட்டார்கள்.

ஊர்வழக்கில் கொண்டைக்குருவி என்பார்கள். சில பகுதிகளில் கொண்டலாத்தி என்றும் சொல்வதுண்டு. ஆனால், நூல்களில் கொண்டலாத்தி என்றால் பெரும்பாலும் வேறொரு பறவை: நீண்டு வளைந்த அலகும் விசிறிபோல் விரியும் கொண்டையும் கொண்டு, தரையில் நடந்து புழு தேடுவது. ஒரே பெயர் இரண்டு பறவைகளுக்கு வழங்குவதும், ஒரே பறவைக்கு ஊருக்கு ஒரு பெயர் இருப்பதும் பிழையல்ல. மக்கள் பறவைகளைக் கவனித்து வந்ததன் அடையாளம். அறிவியல் பெயர் ஏன் தேவைப்படுகிறது என்பதை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

அந்த அறிவியல் பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. இதன் பெயர் பிக்னோனோட்டஸ் கேஃபர். 1766ஆம் ஆண்டில் பெயரிட்ட லின்னேயஸ், இப்பறவை தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்தது எனத் தவறாகக் கருதி, அப்பகுதியைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்துவிட்டார். இப்பறவைக்குத் தென்னாப்பிரிக்கா தாயகமே அல்ல. இருந்தும், முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது வகைப்பாட்டியலின் விதி என்பதால் அந்தப் பெயரே இன்றும் நிற்கிறது.

இந்தியிலும் உருதுவிலும் இது புல்புல். பாரசீகக் கவிதைகளில் ரோஜாவைப் பாடும் புல்புல் இதுவல்ல. அது இரவில் பாடும் வேறொரு பறவை. பாடநூலிலோ கதையிலோ புல்புல் என்று வரும்போது இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுவது நல்லது.

அடையாளம் காண நான்கு கேள்விகள்

பறவையைப் பார்த்ததும் மாணவர்கள் முதலில் நிறத்தைச் சொல்கிறார்கள். நிழலில் நிறம் ஏமாற்றும். ஆகவே நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்கப் பழக்குகிறேன்.

முதல் கேள்வி, எவ்வளவு பெரியது? தெரிந்த பறவைகளோடு ஒப்பிடச் சொல்ல வேண்டும். கொண்டைக்குருவி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம். சிட்டுக்குருவியைவிடப் பெரியது, மைனாவைவிடச் சிறியது.

இரண்டாவது, உருவம் எப்படி? நிமிர்ந்த உட்காரும் முறை, சற்று நீண்ட வால், தலையில் சிறு கொண்டை. கொண்டை எப்போதும் தூக்கி நிற்காது. பறவை பரபரப்படையும்போது நன்றாகத் தெரியும். கொண்டை இருப்பதால் இது ஆண் என்று மாணவர்கள் சொல்வார்கள்; சேவலைப் பார்த்த பழக்கம். கொண்டைக்குருவியில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

மூன்றாவது, எந்த நிறம் எங்கே? தலை கறுப்பு. உடல் கரும்பழுப்பு, ஒவ்வோர் இறகின் ஓரமும் வெளிறியிருப்பதால் மீன் செதில்போலத் தோன்றும். வாலடியில் சிவப்பு. பறந்து செல்லும்போது முதுகுக்கும் வாலுக்கும் இடையே வெள்ளைத் திட்டும், கறுத்த வாலின் நுனியில் வெள்ளையும் தெரியும். பின்புறத்தை மட்டும் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம். இளம் பறவையின் நிறங்கள் மங்கலாக இருக்கும். வாலடிச் சிவப்பும் வெளிறியிருக்கும்.

நான்காவது, எங்கே, என்ன செய்கிறது? புதரின் உச்சி, மின்கம்பி, வேலிக்கல் போன்ற வெளிப்படையான இடத்தில் இணையாக உட்கார்ந்திருக்கும். பழமரத்தில் சிறு கூட்டமாகவும் சேரும். அடிக்கடி குரல் கொடுக்கும்.

இந்த நான்கையும் பழகிவிட்டால் இதன் உறவினர்களைப் பிரித்தறிவதும் எளிது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காணக்கூடிய மற்ற இரண்டு சின்னான்கள் இவை.

செம்மீசைச் சின்னான்: கொண்டை உயர்ந்து கூர்மையாக, கிரீடம் வைத்ததுபோல் நிற்கும். கண்ணுக்குக் கீழே சிறு சிவப்புப் புள்ளி, கன்னமும் வயிறும் வெள்ளை, வாலடி சிவப்பு. மழை மிகுந்த பகுதிகளையும் மலைப்பகுதிகளையும் விரும்பும். நீலகிரி, கொடைக்கானல் பள்ளி ஆசிரியர்களுக்கு இது அன்றாடத் தோழன். இளம் பறவைக்குச் சிவப்பு மீசை இருக்காது.

வெண்புருவச் சின்னான்: கொண்டை தெரியாது. உடல் மங்கிய பச்சை கலந்த பழுப்பு. கண்ணுக்கு மேலே வெண்ணிறப் புருவம், வாலடியில் வெளிர் மஞ்சள். புதருக்குள்ளேயே பதுங்கியிருக்கும். கண்ணில் படுவதற்கு முன் காதில் விழும். பானைக்குள் தண்ணீர் கொப்பளித்து வருவதுபோல் திடீரென்று உரத்துப் பாடி, சட்டென்று நிறுத்திவிடும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் பறவை இது.

இவை தவிர, வறண்ட பாறைக் குன்றுகளில் மஞ்சள்தொண்டைச் சின்னான் என்ற அரிய உறவினர் ஒன்று உண்டு. தென்னிந்தியாவில் மட்டுமே வாழும் இது, அழிவாய்ப்புள்ள இனமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. குன்றுகள் உடைக்கப்படும்போது இதன் வாழிடமும் போகிறது.

காகம் பாடகன், குயில் இல்லை!

பாடும் பறவை என்றதும் குயில்தான் நினைவுக்கு வரும். ஆனால், அறிவியல் வகைப்பாட்டில் பாடும் பறவைகள் என்ற குழுவில் குயில் இல்லை, காகம் இருக்கிறது. மாணவர்களிடம் இதைச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் அமைதியாக இருந்தால் போதும், வகுப்பில் விவாதம் தானே தொடங்கிவிடும்.

குரல் இனிமையை வைத்து இந்தக் குழு பிரிக்கப்படவில்லை. நமக்குக் குரல்வளை மூச்சுக்குழாயின் மேல்முனையில் இருக்கிறது. பறவைகளின் குரலுறுப்பு பெரும்பாலும் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் கீழ்முனையில் இருக்கிறது. பாடும் பறவைகளில் அதை இயக்கும் தசைகள் மிக நுட்பமாக வளர்ந்திருக்கின்றன. மேலும், அவை பாட்டைக் கேட்டுக் கற்கின்றன. குயில் குஞ்சோ காகத்தின் கூட்டில் வளர்ந்தாலும் காகத்தின் குரலைக் கற்றுக்கொள்வதில்லை.

கால்களிலும் வேறுபாடு தெரியும். கொண்டைக்குருவிக்கும் காகத்துக்கும் மூன்று விரல்கள் முன்னால், ஒன்று பின்னால். குயிலுக்கு இரண்டு முன்னால், இரண்டு பின்னால். படங்களை வைத்தே மாணவர்கள் இதைச் சரிபார்க்கலாம்.

கொண்டைக்குருவியின் பாட்டு நீளமானதல்ல. மூன்று நான்கு அசைகள் கொண்ட துள்ளலான குரல். பூனையோ பாம்போ தென்பட்டால் குரல் அடியோடு மாறும். கரகரவென்று விடாமல் கத்தும். அதைக் கேட்டு மற்றப் பறவைகளும் எச்சரிக்கையாகும். புதரருகே இந்தக் குரல் தொடர்ந்து கேட்டால் நாமும் மாணவர்களைச் சற்று விலகி நிற்கச் சொல்லலாம்.

பழமே உணவு

கொண்டைக்குருவி பூச்சியையும் தின்னும், முருங்கைப் பூவில் தேனும் குடிக்கும். ஆனாலும் முதன்மை உணவு பழம்தான். ஆல், அத்தி, அரசு, சூரை, காரை, மணத்தக்காளி, கோவை, உன்னி என்று பட்டியல் நீளும். பள்ளிகளில் நிழலுக்காக வைக்கும் தேன்பழ மரத்தைச் (சில ஊர்களில் சர்க்கரைப்பழம்) சுற்றி எந்நேரமும் இருக்கும்.

இதற்குப் பல் கிடையாது. கிளிபோல் உடைக்கும் அலகும் கிடையாது. ஆகவே வாய் திறக்கும் அளவுதான் எல்லை. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு பழங்களை அப்படியே விழுங்கிவிடும். கொய்யா, பப்பாளி போன்றவற்றைக் கொத்திச் சதையை மட்டும் எடுக்கும். இந்த ஒரு வேறுபாடு பின்னால் மிக முக்கியமாகப் போகிறது: விழுங்கிய பழத்தின் விதை பறவையோடு பயணம் செய்யும்; கொத்திய பழத்தின் பெரிய விதை மரத்தடியிலேயே விழும்.

பழம் பழுக்கும்போது ஏன் நிறம் மாறுகிறது? பழுக்காத காய் பச்சையாக, இலையோடு இலையாக இருக்கும், துவர்க்கும், கசக்கும். விதை முதிர்ந்ததும் சிவப்பாகவோ கறுப்பாகவோ மாறும். பறவைகளின் கண்ணில் நிறங்களை உணரும் கூம்புச் செல்கள் நான்கு வகை, நமக்கு மூன்றுதான். அவற்றால் சிவப்பை நன்றாகப் பார்க்க முடியும். பலவற்றால் புறஊதா ஒளியையும் உணர முடியும். இரவில் வரும் வௌவாலை அழைக்கும் பழங்கள் இதற்கு மாறானவை: மங்கிய நிறம், வலுவான மணம். ஒரு செடி தன் பழத்தின் நிறத்தாலும் மணத்தாலும் யாரை அழைக்கிறது என்பதை எட்டாம் வகுப்பு மாணவரே ஊகித்துவிடுவார்.

மிளகாயை எடுத்துக்கொள்வோம். அதன் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் பாலூட்டிகளின் நரம்புகளில் எரிச்சலை உண்டாக்குகிறது. பறவைகளில் அந்த உணர்வேற்பி கேப்சைசினுக்குப் பதில் தருவதில்லை. அவற்றுக்குக் காரமே தெரியாது. விதையை மென்று அழிக்கும் பாலூட்டியை விரட்டிவிட்டு, முழுதாக விழுங்கும் பறவைக்கு வழிவிடுகிறது செடி. “ஊசி மிளகாயைக் குருவி எப்படித் தின்னுது?” என்ற மாணவரின் கேள்விக்கு விடை இதுதான்.

ஊட்டச்சத்துப் பாடத்துக்கும் இங்கே ஓர் இணைப்பு இருக்கிறது. நம் உடலால் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. உணவில் கிடைக்காவிட்டால் ஸ்கர்வி வரும். பெரும்பாலான விலங்குகள் அதைத் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. தயாரிக்க இயலாதவற்றில் குரங்குகள், கினிப் பன்றி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு கொண்டைக்குருவியும் சேரும். தலைமுறை தலைமுறையாகப் பழத்திலேயே போதுமான அளவு கிடைத்ததால் அந்தத் திறனை இழந்தும் அவை பாதிக்கப்படவில்லை என்பது அறிவியலாளர்கள் தரும் விளக்கம். நமக்கும் வேலியில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பறவைக்கும் ஒரே குறை, ஒரே மருந்து: பழம்!

யாரும் நடாத மரங்கள்

பழம் தின்னும் எல்லாப் பறவைகளும் விதையைப் பரப்புவதில்லை. கிளி விதையை உடைத்துத் தின்கிறது. புறாவின் வலுவான அரைவைப்பை பல விதைகளை நொறுக்கிவிடுகிறது. கொண்டைக்குருவியின் வயிறு மென்மையானது. சதையை மட்டும் செரித்துவிட்டு விதையைச் சேதமின்றி வெளியேற்றுகிறது, அதுவும் விரைவாக. தின்ற சில நிமிடங்களிலேயே கூட விதை எச்சத்தோடு வெளியேறிவிடும். பறக்கும் உயிருக்கு வயிற்றில் சுமை தேங்கக் கூடாதல்லவா!

அந்தச் சில நிமிடங்களில் பறவை வேறு மரத்துக்கோ கம்பிக்கோ சென்று உட்கார்ந்திருக்கும். ஆகவே விதை தாய்மரத்திலிருந்து விலகி விழுகிறது. தாய்மரத்தடியில் நெருக்கமாக முளைக்கும் கன்றுகள் வெளிச்சத்துக்கும் நீருக்கும் போட்டியிட்டு நலிந்துபோகும். விலகி விழுந்தவற்றுக்கு வாய்ப்பு அதிகம். சதை நீங்கிவிடுவதால் பல வகை விதைகள் எளிதாக முளைக்கவும் செய்கின்றன.

எங்கள் பள்ளியின் புங்கமரத்தடியில் ஒருநாள் ஏழாம் வகுப்பு மாணவர்களைத் தேடச் சொன்னேன். கோவைக்கொடி, மணத்தக்காளி, ஓர் ஆலங்கன்று, சூரைமுள் எல்லாம் கிடைத்தன. புங்கமரத்தில் இவை எதுவும் காய்ப்பதில்லை. “அப்போ இதெல்லாம் மேல இருந்துதான் விழுந்திருக்கு” என்று ஒரு மாணவி அண்ணாந்து கிளைகளைப் பார்த்தாள். விதை பரவுதல் பாடத்தை அதற்குமேல் நான் நடத்த வேண்டியிருக்கவில்லை.

சந்தன மரத்தின் விதைகளும் பறவைகளால்தான் பரவுகின்றன. அதில் சின்னான்களுக்கும் பங்குண்டு. வரப்பிலும் வேலியிலும் யாரும் நடாமல் வளர்ந்து நிற்கும் மரங்களைப் பற்றிக் கேட்டால் “தானா முளைச்சது” என்பார்கள் பெரியவர்கள். அந்தத் ‘தானா’வுக்குள் ஒரு பறவை இருக்கிறது.

குஞ்சுக்கு மட்டும் புழு

பழத்தில் சர்க்கரையும் நீரும் உண்டு, புரதம் குறைவு. வேகமாக வளரும் குஞ்சுக்கு அது போதாது. எனவே குஞ்சு பொரித்ததும் பெற்றோர் இரண்டும் புழு பூச்சி தேடும் வேட்டைக்காரர்களாக மாறிவிடுகின்றன. கம்பளிப்புழு, வெட்டுக்கிளி, சிறு பூச்சிகள் கூட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். குஞ்சு வளர வளரப் பழமும் சேரும்.

கூடு சிறு கிண்ணம்போல இருக்கும். மெல்லிய குச்சி, வேர், நார் கொண்டு, பெரும்பாலும் ஆள் உயரத்துக்குச் சற்று முன்பின்னாகப் புதரிலோ சிறு மரத்திலோ அமைந்திருக்கும். பூந்தொட்டியிலும் கட்டும். இரண்டு அல்லது மூன்று முட்டைகள்; இளஞ்சிவப்பு கலந்த வெண்மையில் செம்பழுப்புப் புள்ளிகள். அடைகாக்க ஏறத்தாழ இரண்டு வாரம். குஞ்சு கூட்டை விட்டு வெளியேற மேலும் இரண்டு வாரத்துக்குள். எல்லாம் சேர்த்து ஒரு மாதம்தான். அதற்குள் காகம், செண்பகம், ஓணான், பூனை, பாம்பு என்று எதிரிகள் ஏராளம். பல கூடுகள் தோற்றுப்போகின்றன, மீண்டும் கட்டுகின்றன.

குஞ்சுகள் நன்றாகப் பறக்கத் தெரிவதற்கு முன்பே கூட்டிலிருந்து இறங்கிவிடும். குட்டை வாலோடு தத்தித் தத்திப் போகும் குஞ்சை மாணவர்கள் பரிவோடு தூக்கிக்கொண்டு நம்மிடம் வருவார்கள். அதைக் கண்ட இடத்துக்கு அருகிலேயே ஒரு புதர்க்கிளையில் வைத்துவிட்டு விலகிவிடுவதே சரி. பெற்றோர் அருகில்தான் இருக்கும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் நம்பிக்கை. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோறு ஊட்டினால்தான் குஞ்சு பிழைக்காது. மேலும், 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்பறவையைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம்.

தோட்டத்துப் பிள்ளையின் கேள்வி

இவ்வளவும் சொன்ன பிறகு, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: “எங்க தோட்டத்துல தக்காளியையும் கொய்யாவையும் இதுதான டீச்சர் கொத்திப் போடுது? எங்கப்பா டப்பா கட்டி அடிச்சு விரட்டுவாரு.”

இந்தக் கேள்வியை நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. அவன் சொல்வது உண்மை. கொத்துப்பட்ட தக்காளி சந்தையில் விலைபோகாது. ‘பறவைகள் நம் நண்பர்கள்’ என்ற சுவர் வாசகம் அவன் வீட்டு இழப்பை ஈடுசெய்யாது. பறவைக்கு நண்பன், பகைவன் என்ற கணக்கு இல்லை. சிவந்த பழம் எங்கே இருந்தாலும் அது உணவுதான். அதே பறவை குஞ்சுக்காக அதே தோட்டத்துப் புழுக்களையும் பொறுக்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். கொய்யாவுக்குத் தாள் உறையோ துணிப்பையோ கட்டுவது பலன் தரும். மெல்லிய நைலான் வலையில் பறவைகள் சிக்கிச் சாகும் என்பதால் அதைத் தவிர்க்கச் சொல்லலாம். வேலியோரத்தில் சூரை, காரை போன்ற காட்டுப்பழச் செடிகள் இருந்த காலத்தில் பறவைகளுக்கு வேறு உணவும் இருந்தது என்பதை வீட்டில் தாத்தாவிடம் கேட்டு வரச் சொல்லலாம்.

விதை பரப்பும் பணியிலும் மறுபக்கம் உண்டு. கொண்டைக்குருவி விரும்பித் தின்னும் உன்னிப் பழம் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அலங்காரச் செடியாக வந்தது. இன்று நம் காடுகளில் பல இடங்களை மூடிக்கிடக்கிறது. அதன் விதைகளைப் பரப்பும் பறவைகளில் இதுவும் ஒன்று. நல்ல செடி, தீய செடி என்று பறவை பார்ப்பதில்லை.

நம் ஊரில் இயல்பாக வாழும் இப்பறவை வேறு மண்ணில் தொல்லையாகவும் மாறியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கொண்டுசெல்லப்பட்ட காலத்தில் இது பிஜித் தீவை அடைந்தது. பின்னர் ஹவாய் போன்ற பசிபிக் தீவுகளிலும் பரவியது. அங்கே பழத்தோட்டங்களுக்கும் பூந்தோட்டங்களுக்கும் சேதம் விளைவிப்பதோடு அயல் களைச்செடிகளையும் பரப்புகிறது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர்கள் தொகுத்த பட்டியலில் இதன் பெயரும் இருக்கிறது. அதே பறவைதான், இடம் மாறியதும் விளைவு மாறிவிட்டது. உயர்நிலை வகுப்புகளில் விவாதத்துக்கு உகந்த பொருள் இது.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. பெயர் சேகரிப்பு (3 முதல் 5ஆம் வகுப்பு): பறவையின் படத்தைக் காட்டி, வீட்டிலும் தெருவிலும் அதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டு வரச் செய்தல். கிடைத்த பெயர்களை வகுப்புச் சுவரில் ஒட்டலாம்.

2. பத்து நிமிடக் கவனிப்பு (4ஆம் வகுப்பு முதல்): காலை வழிபாட்டுக்கு முன் ஒரு பழமரத்தைத் தொலைவிலிருந்து பார்த்து, எந்தெந்தப் பறவை வந்தது, பழத்தை விழுங்கியதா கொத்தியதா என்று குறித்தல். ஒரு மாதம் தொடர்ந்தால் அந்த மரத்தின் விருந்தினர் பட்டியல் கிடைத்துவிடும்.

3. மரத்தடி ஆய்வு (6 முதல் 8ஆம் வகுப்பு): ஒரு மரத்தடியிலும், அதே அளவுள்ள வெட்டவெளியிலும் முளைத்துள்ள கன்றுகளை ஒப்பிடுதல். எவை அந்த மரத்தின் கன்றுகள், எவை ‘விருந்தாளிகள்’? பறவை எச்சத்தை வெறுங்கையால் தொடக் கூடாது. குச்சியைப் பயன்படுத்தி, முடிந்ததும் சோப்பால் கை கழுவ வேண்டும்.

4. சதையும் விதையும் (7ஆம் வகுப்பு முதல்): நன்கு பழுத்த தக்காளியின் விதைகளில் ஒரு பகுதியைச் சுற்றியுள்ள கொழகொழப்பு நீங்கக் கழுவியும், மறுபகுதியை அப்படியேயும் ஈரத்துணியில் வைத்தல். எவை முதலில் முளைக்கின்றன? பறவையின் வயிறு செய்யும் வேலையை வகுப்பறையிலேயே பார்க்கலாம்.

5. பழ நாட்காட்டி (9, 10ஆம் வகுப்பு): ஊரிலுள்ள மரம், புதர், கொடி ஒவ்வொன்றும் எந்த மாதத்தில் பழுக்கிறது என்று ஆண்டு முழுவதும் குறித்தல். பழமே இல்லாத மாதம் எது? அந்த மாதத்தில் பழுக்கும் நாட்டுச் செடி எது? பள்ளியில் எதை நடலாம் என்பதற்கான விடை இதிலிருந்தே கிடைக்கும்.

ஆர்வமுள்ள மாணவர்களைப் பொங்கல் விடுமுறையில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ஈடுபடுத்தலாம். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பறவைகளைக் கவனித்து, இ-பேர்டு தளத்தில் பட்டியலிட்டால் போதும். பள்ளி நூலகத்துக்கு மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ நூலைப் பரிந்துரைக்கிறேன். நம் ஊர் உயிரினங்களைத் தமிழில் எப்படி எழுதலாம் என்பதை மாணவர்களுக்கு அது காட்டும்.

புதரை வெட்டும் முன்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்கு முன் வளாகத்தைத் தூய்மை செய்கிறோம். பாம்பு, தேள் அச்சம் உள்ள இடத்தில் புதரை வைத்திருக்க முடியாது. வகுப்பறையையும் கழிப்பறையையும் நடைபாதையையும் ஒட்டிய புதர்களை அகற்றியே ஆக வேண்டும். ஆனால் தொலைவிலுள்ள வேலியோரத்தையும் சேர்த்து, ஒரே நாளில் மொட்டையடித்துவிடுகிறோம். எங்கள் பகுதியில் மார்ச் முதல் ஜூன் வரை கொண்டைக்குருவியின் கூடுகளைப் பார்க்கிறேன். அதாவது, கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும் நேரத்தில்தான் நம் அரிவாள் உள்ளே போகிறது.

சிறு மாற்றங்கள் போதும். வெட்டுவதற்கு முதல் நாள் பசுமைப்படை மாணவர்கள் சற்றுத் தொலைவிலிருந்து கால்மணி நேரம் கவனிக்கட்டும். அலகில் நாரோ புழுவோ வைத்துக்கொண்டு ஒரே புதருக்குள் பறவை திரும்பத் திரும்பப் போனால் அங்கே கூடு இருக்கிறது என்று பொருள். அந்தப் புதரில் ஒரு துணியைக் கட்டி அடையாளமிட்டு, அதை மட்டும் விட்டுவிடச் சொல்லலாம். வேலியோரத்தை ஒரே ஆண்டில் முழுதாக வெட்டாமல் ஒரு பாதியை அடுத்த முறைக்கு நிறுத்தலாம். உன்னியை வேரோடு அகற்றி, அந்த இடத்தில் காரை, சூரை, மணத்தக்காளியை வளரவிடலாம். கோடையில் நிழலான இடத்தில் ஒரு மண்சட்டித் தண்ணீர் வைத்து, நாள்தோறும் மாற்றலாம்.

தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் இதை எடுத்துச் சொல்லும்போது, பணச் செலவு ஏதும் இல்லை என்பதையும் சொல்லுங்கள். கூடுள்ள ஒரு புதருக்கு வேண்டியது ஏறத்தாழ ஒரு மாத அவகாசம் மட்டுமே. குஞ்சுகள் பறந்த பிறகு அதையும் வெட்டிக்கொள்ளலாம்.